வெள்ள முன்னெச்சரிக்கைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலை முடிந்தது. பாலத்தில் நீர்மட்ட சென்சார், மேல்கரையில் இரண்டு மழைமானிகள், மூன்று குடியிருப்புகளிலும் சைரன், சமுதாயக் கூடத்தின் மாடியில் கட்டுப்பாட்டு அறை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதினோரு மாதத்தில் முடிப்போம் என்றோம். இருபது மாதம் ஆனது. செலவும் மதிப்பீட்டைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. போன பொதுக்குழுவில் எழுந்த கேள்விகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றித்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தணிக்கையாளர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கு தனியாக உங்கள் கைக்கு வந்திருக்கும். கணக்கில் வராத கதை இங்கே.

தாமதத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு பொருளால் வந்தது. பாலத்துக்கு நாம் டெண்டரில் கேட்டது ரேடார் சென்சார். தண்ணீரை நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்து நீர்மட்டம் சொல்லும் கருவி. ஒப்பந்ததாரர் கொண்டுவந்து மாட்டியது அல்ட்ராசானிக். வேலை அதேதான், ஆனால் ஒலியை வைத்துச் செய்யும், விலையும் குறைவு. பார்வைக்கு இரண்டும் சாம்பல் நிற டப்பாதான். பொருளை இறக்கிய அன்று மாடல் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காதது குழுவின் தவறு. குறிப்பாக என் தவறு, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

கண்டுபிடித்தவர் நம் படகுக்காரர். பாலத்தின் மூன்றாவது தூணில் பெயின்ட்டில் வரைந்த அளவுகோலைத் தினமும் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்துவருகிறார். பென்சிலில்தான் எழுதுவார், மை என்றால் ஈரத்தில் கலைந்துவிடுமாம். சென்சார் ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் அந்த நோட்டோடு மாடியேறி வந்து, "உங்க மிஷின்ல ஆறு மத்தியானம் படுத்துத் தூங்குதா?" என்று கேட்டார். திரையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். காலையில் இரண்டும் ஒத்துப்போகின்றன. வெயில் ஏற ஏறத் திரையில் ஆறு இறங்குகிறது, உச்சி வேளையில் ஏறக்குறைய ஒரு சாண். இருட்டியதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. தூணில் ஈரம் நின்ற கோடோ அசையவே இல்லை. ஒன்பது நாளில் மேகமூட்டமாக இருந்த இரண்டு நாட்கள் மட்டும் மிஷினும் நோட்டும் ஒரே எண்ணைச் சொல்லியிருந்தன.

அந்த இரண்டு நாட்கள்தான் துப்பு கொடுத்தன. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு மாறும்: 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. இதைச் சரிக்கட்ட சென்சாருக்குள்ளேயே ஒரு வெப்பமானி உண்டு. ஆனால் நம் சென்சாரைப் பாலத்தின் கைப்பிடிக்கு வெளியே, நிழலே விழாத இடத்தில் தகரப் பெட்டிக்குள் பொருத்தியிருந்தார்கள். பெட்டி கொதிக்கிறது, தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று குளுமையாக இருக்கிறது. பெட்டியின் சூட்டையே ஆற்றின் சூடு என்று எடுத்துக்கொண்ட கருவி, ஒலி வேகமாகப் போய் வந்ததாக நினைத்துக்கொண்டு, தண்ணீர் இன்னும் கீழே இருப்பதாகக் கணக்குப் போட்டது. 15 டிகிரி பிசகினால் ஏழு மீட்டர் உயரத்தில் 18 சென்டிமீட்டர் பொய்.

ஒப்பந்ததாரரின் முதல் பதில், "வெள்ளம் மீட்டர் கணக்கில் வரும், 18 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே" என்பது. ஆற்றில் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஏறிவரும்போது 18 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோக அந்த நேரம் வேண்டும். இரண்டாவது பதில் கெட்டிக்காரத்தனமானது: வெள்ளம் வரும் நாளில் வெயில் அடிக்காது, அதனால் அன்றைக்குக் கருவி சரியாகத்தான் காட்டும். உறுப்பினர்களில் சிலரும் இதற்குத் தலையாட்டினார்கள். ஆனால் நம் ஆற்றுக்கு வெள்ளம் இங்கே பெய்யும் மழையால் வருவதில்லை. மேலே மலையில் கொட்டுவது பல மணி நேரம் கழித்து நம் பாலத்துக்கு வருகிறது. இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். அதைச் சொல்லத்தானே இந்தத் திருப்பணியே.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சுருக்குகிறேன். கடைசி பில்லை நிறுத்தினோம். அவர் சைரன் வேலையை நிறுத்தி, ஏணியைக்கூட எடுத்துக்கொண்டு போனார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிழற்கூடு போட்டுத் தருகிறேன் என்றார். போட்டுப் பார்த்தோம், ஒரு சாண் பிசகு நாலு விரற்கடையாகக் குறைந்தது, அவ்வளவுதான். பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமல் வந்து, இரண்டு வகைக் கருவிகளையும் அருகருகே கட்டி ஒரு வாரம் அளந்து அறிக்கை கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் ஒப்பந்ததாரர் உட்கார்ந்து பேசினார். கடைசியில் அவர் ரேடார் சென்சாரை மாட்டித் தந்தார், புது வயரிங் செலவை நாம் ஏற்றோம். "தவறு அவருடையது, வயரிங்குக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று போன கூட்டத்தில் கேட்டவர்களுக்கு: நியாயமான கேள்விதான். வழக்குக்குப் போயிருந்தால் வயரிங் காசு மிஞ்சியிருக்கலாம். அடுத்த மழைக்காலம் சென்சார் இல்லாமலே போயிருக்கும். நாங்கள் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

"படகுக்காரரே போதும் என்றால் மிஷின் எதற்கு?" என்பது இன்னொரு தரப்பு. நள்ளிரவில், கொட்டும் மழையில், தூணருகே ஒரு மனிதரை நிறுத்தக் கூடாது என்பதற்குத்தான். அதற்காக மிஷினை மட்டும் நம்புவதும் ஆகாது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் ஆற்றில், அல்டனார் ஊரின் அளவுமானி அதுவரை கண்ட உச்சம் 3.71 மீட்டர், 2016இல். அந்த இரவு தண்ணீர் 5 மீட்டரையும் தாண்டியபின் அளவுமானியையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் நம் அமைப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பாலத்திலிருந்து 15 நிமிடம் தகவல் வராவிட்டால், கருவி பழுது என்று எடுத்துக்கொள்ளாமல் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். இதனால் இதுவரை நான்கு முறை தூக்கம் கெட்டது, நான்கும் பொய்மணி. தூக்கம் கெட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், விதியை மாற்றப்போவதில்லை.

செலவு கூடியதற்கு முக்கியக் காரணம் மாடி. ஜெனரேட்டர், பேட்டரி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தரைத்தளத்தில் வைப்பதாகத்தான் முதல் மதிப்பீடு. அப்படியே விட்டிருந்தால் கூடத்தின் தூண்களைப் பலப்படுத்தும் செலவு வந்திருக்காது. 2011இல் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேட்டர்கள் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கின. பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்ததால் சுனாமித் தண்ணீரில் மூழ்கி நின்றுபோயின. வெள்ளத்துக்கு வாங்கும் ஜெனரேட்டரை வெள்ளம் வரும் உயரத்திலேயே வைக்கச் சொல்லி எந்தக் குழுவிடமும் கேட்காதீர்கள்.

சைரனுக்குப் பதில் கைபேசிச் செயலி போதாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். செயலியும் இருக்கிறது. ஆனால் 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு நகரில் நிலநடுக்கத்தோடு மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்தன. சில நிமிடங்களில் சுனாமி வந்தது. வங்கதேசத்தில் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த பிறகு, 1972இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் இன்றும் கொடியையும் மெகாபோனையும் கைவிடவில்லை. அதன் தொண்டர்கள் சுமார் 76,000 பேர், அதில் பாதி பெண்கள். நாமும் தெருவுக்கு இரண்டு மெகாபோன் வாங்கினோம். இருபது மாத வேலையில் யாரும் குறை சொல்லாத ஒரே பொருள் அதுதான்.

சைரன் பொத்தானை யார் அழுத்துவது என்று மூன்று கூட்டங்கள் போயின. 2018 ஜனவரி 13 அன்று ஹவாயில் ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை எல்லாக் கைபேசிகளுக்கும் போனது. அதைத் தவறு என்று மறுசெய்தி அனுப்ப 38 நிமிடம் ஆனது. அதனால் நம்மிடம் இரண்டு பேர் இரண்டு சாவி போட்டால்தான் சைரன் ஒலிக்கும். நிறுத்துவதற்கு ஒருவர் போதும், மறுப்புச் செய்தி முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கிறது. தலைவரிடம் ஒரு சாவி இருக்க வேண்டும் என்ற தீர்மானம் தோற்றது. ஊரில் இல்லாதவரிடம் சாவி இருந்து பயனில்லை என்று தலைவரே எதிர்த்து வாக்களித்தார்.

வெள்ள வரைபடத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ட்ரோன் விட்டு எடுத்த படங்களிலிருந்து அரை மீட்டர் சமஉயரக் கோடுகள் வரைந்து, எந்தத் தெருவில் எந்த மட்டத்தில் தண்ணீர் ஏறும் என்று நிறம் தீட்டினோம். ஒட்டிய மூன்றாம் நாள் கிழித்துப் போட்டார்கள். வீட்டு விலை இறங்கிவிடும் என்பது கோபம். தண்ணீருக்கு வரைபடம் பார்த்து வரும் பழக்கம் இல்லை என்று சொன்னோம், எடுபடவில்லை. "போன வெள்ளம் நூறாண்டு வெள்ளம் என்றீர்களே, இனி எங்கள் பேரன் காலத்தில்தானே?" என்று ஒருவர் கேட்டார். நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் பொருள். அடுத்த ஆண்டே மறுபடி வரலாம். ஒரே வீட்டில் 30 ஆண்டு குடியிருந்தால் அதை ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். இதைக் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிய பிறகு அவரே வரைபடத்தை மறுபடி ஒட்ட உதவினார். இப்போது அது கண்ணாடிக்குள் இருக்கிறது, பூட்டோடு.

வெள்ளம் வடிந்த பிறகு யார் வீட்டில் எவ்வளவு சேதம் என்று சண்டை வராமலிருக்க, எல்லா வீடுகளையும் முன்கூட்டியே படம் எடுத்து, பட்டா, காப்பீட்டுத் தாள்களின் நகலோடு இரண்டு வெளியூர்களில் சேமித்திருக்கிறோம். மேகம் மூடியிருக்கும்போது சாதாரணச் செயற்கைக்கோள் படம் வெள்ளை மெத்தைதான். 2014 முதல் பறக்கும் சென்டினல்-1 வகை ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், படங்களும் இலவசம். தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வீடுகள் நெருக்கமான இடத்தில் ரேடார் குழம்பும் என்பதால் அங்கே நம் ட்ரோனே கதி. பயிற்சி பெற்ற நான்கு பேரில் மூவர் கல்லூரி மாணவிகள்.

மேட்டுப் பள்ளியில் தங்குமிடம், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சரிவுப்பாதை: முடிந்தன, மதிப்பீட்டுக்குள்.

நன்கொடையாளர்கள் பெயர்ப் பட்டியல் கூடத்துச் சுவரில் இருக்கிறது. தொகை வரிசையில் போடக் கூடாது என்பது தீர்மானம், அதனால் இங்கும் அப்படியே: இரும்புக் கடைக்காரர், அவர் தம்பி, தையல் சங்கத்தார், ஓய்வுபெற்ற தபால்காரர், ஐந்தாம் தெருவின் மூன்று மாவு மில்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள், தன் கடைசி வாடகையை அனுப்பிவிட்டு ஊரை விட்டுப் போன ஒரு குடித்தனக்காரர், செங்கல் சூளையார், பேருந்து ஓட்டுநர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள், பெயர் வேண்டாம் என்ற பதினேழு பேர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்ட ஒருவர். விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும், சுவரில் இடம் இருக்கிறது.

ஒரு வேலை பாக்கி. மழைமானி என்பது புனலில் விழும் தண்ணீரைச் சின்னஞ்சிறு ஊஞ்சல் வாளியில் வாங்கி, 0.2 மில்லிமீட்டர் நிறையும்போதெல்லாம் கவிழ்த்து எண்ணும் கருவி. போன மாதம் மேல்கரை மழைமானி இரண்டு நாள் நல்ல மழையைச் சுழி என்று காட்டியது. திறந்து பார்த்தால் வாளிக்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை, அதில் ஓர் இலை. மாதம் இரண்டு முறை மலையேறிப் புனலைத் துடைக்க இரண்டு பேர் வேண்டும். இதுவரை பெயர் கொடுத்திருப்பவர் ஒருவர், படகுக்காரரின் மகள். மற்றவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் சொல்லவும்.

செயலாளர்,
திருப்பணிக் குழு