எல்லாருமே திடகாத்திரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சங்கிலிப் பறிப்புச் செய்தி என்றால், ஓடியவர் 'திடகாத்திரமான வாலிபர்'. துரத்திப் பிடித்த காவலரும் திடகாத்திரமானவரே. உயரம், பருமன், தசை முறுக்கு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தானா?

திடம் என்றால் உறுதி, காத்திரம் என்றால் உடல். தளர்ச்சியில்லாத, நோய்நொடி அண்டாத உடம்பைத்தான் இது சொல்கிறது. எண்பது வயதில் கைப்பிடியைத் தொடாமல் மாடியேறும் ஒல்லியான பாட்டியும் திடகாத்திரமானவர்தான். உயரமும் அகலமுமான ஆளுக்கு 'வாட்டசாட்டமான' இருக்கிறது. பயிற்சியில் இறுகிய தோளும் மார்பும் என்றால் 'கட்டுமஸ்தான'. உழைத்து உரமேறியவருக்கு 'வைரம் பாய்ந்த உடம்பு' என்பார்கள். முற்றிய மரத்தின் நடுக்கட்டையைப் பார்த்து வந்த வழக்கு அது. வாட்டசாட்டமானவர் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கலாம். அவரைத் திடகாத்திரமானவர் என்று எழுதினால் அவருக்கே சிரிப்பு வரும்.

'திடகாத்திரமான உடல்' என்பதில் உடல் இரண்டு தடவை வருகிறது. சரி, ஊறிப்போன வழக்கு, விட்டுவிடலாம். ஆனால் 'திடகாத்திரமான பொருளாதாரம்' உறுத்துகிறது, 'வலுவான' போதுமே. இலங்கைத் தமிழ் இதழ்களில் 'காத்திரமான பங்களிப்பு' என்று எழுதுவது வேறு கதை. கனமான என்ற பொருளில் அது அழகாகவே நிற்கிறது.

அப்புறம், பெண்களுக்கு இந்தச் சொல்லைப் போட ஏன் இவ்வளவு தயக்கம்? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரியைத் தாராளமாகத் திடகாத்திரமானவர் என்று எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்