சரோஜாவுக்கு: பாலத்தில் விழுந்த கதை

ஸ்ரீரங்கம்,
ஆவணி 9.

அன்புள்ள சரோஜா,

இங்கு அனைவரும் நலம். உன் மாமியாரின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா என்று எழுது. பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ திட்டப்போவதையெல்லாம் உன் குரலிலேயே நான் ஒருமுறை திட்டிக்கொண்டுவிட்டேன். ஆகையால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொலைபேசியில் பேசினால் அடுப்படியிலிருந்து வாசல் திண்ணை வரை கேட்கும் என்பது உனக்குத் தெரியும். இது இவர் காதில் விழக் கூடாத செய்தி.

சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன். ஆடி மாதம், காலை ஒன்பதே கால் மணிக்கு, காவிரிப் பாலத்தின் நட்டநடுவில். பதறாதே, எலும்பு எதுவும் முறியவில்லை. இடது மணிக்கட்டு மூன்று வாரம் பூரி போல உப்பியிருந்தது, அவ்வளவுதான். எழுதுவது வலது கை என்பதால், கையெழுத்து கோணலாகத் தெரிந்தால் அது பழைய கோணல்தான்.

இந்த வயதில் உனக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்பாய். தை மாதம் பையன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது ஸ்கூட்டரையும் கொண்டுபோய்விட்டான். அதன்பின் அலுவலகத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய்வந்தேன். மாடிப்படிக்குக் கீழே, பெண் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் கொடுத்த சைக்கிள் பத்து வருடமாக நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் வெங்காயக் கூடை, பழைய போர்வை, இவருடைய உடைந்த குடை என்று ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, இரண்டு டயரும் தட்டையாக இருந்த அந்த வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய். மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்தபோது, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நாம் கற்றுக்கொண்டது கால்களுக்கு நினைவிருந்தது. இறங்குவது மட்டும் மறந்திருந்தது. இறங்கத் தெரியாமல் நெற்களத்தை மூன்று முறை சுற்றி, கடைசியில் வைக்கோற்போரில் வண்டியை விட்டவள் யார் என்று நான் சொல்லமாட்டேன். அவள் இப்போது அறந்தாங்கியில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டிலிருந்து அலுவலகம் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். அம்மா மண்டபம் சாலை, மாம்பழச் சாலை, பாலம், சிந்தாமணி அண்ணா சிலை, தில்லைநகர், தென்னூர், புத்தூர் நாலு ரோடு, பிறகு உய்யக்கொண்டான் வாய்க்காலைத் தாண்டிக் கண்டோன்மென்ட். முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. பஸ்ஸிலும் அவ்வளவுதான்; நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் அதைவிட அதிகம். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் கஷ்டப்பட்டேன். ஏழரைக்கே கிளம்பி, மேசை இழுப்பறையில் ஒரு மாற்றுச் சுடிதாரும் துண்டும் வைத்துச் சமாளித்தேன்.

வெயிலைவிட மனிதர்கள்தாம் கடினம். சைக்கிளில் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம் இவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்து, சுற்றி வளைத்து, "கடன் ஏதாவது வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். எதிர்வீட்டு மாமி ஒரு படி மேலே போய், எனக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது என்றும் டாக்டர் கெடு வைத்திருக்கிறார் என்றும் தெரு முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். பஸ்ஸில் பெண்களுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசே கிடையாதே என்று கேட்காதவர்களே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து அந்தச் சலுகை இருக்கிறது, நானும் அனுபவித்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஐந்தரைக்கு அலுவலகம் விட்டால் ஐந்து முப்பத்தொன்றுக்கு நான் சாலையில் இருக்கிறேன் என்பதை இவர்களுக்கு எப்படி விளங்கவைப்பது? நினைத்த இடத்தில் நிறுத்திக் கீரை வாங்குகிறேன். வாங்கிய பிறகு, கிளம்பிப்போன பஸ்ஸை நினைத்து யாரையும் சபிப்பதில்லை. அன்று நம் புதுக்கோட்டையில், குவாரியில் கல்லுடைக்கப் போன பெண்களும் நர்ஸம்மாக்களும் சைக்கிள் வாங்கிய பிறகு நம்மிடம் சொன்னது இதைத்தானே, பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்று.

எங்கள் கட்டடத்துக் காவலாளி தனிக் கதை. கார் வந்தால் எழுந்து நிற்பார், மோட்டார் சைக்கிளுக்குக் கையை அசைப்பார். என்னைப் பார்த்து, "சைக்கிளுக்கு உள்ளே இடமில்லை, வெளியே மரத்தடியில் விடுங்கள்" என்றார். இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் ஒரு சாண் இடம் போதும் என்று அளந்து காட்டினேன். பூட்டு உடைந்தால் தன்னைக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்கினார். இப்போது அதற்கு "மேடம் ஸ்டாண்டு" என்று பெயர்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் ஒருவன், "யார் மேடம் உங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, உங்கள் அப்பாவா?" என்று கேட்டான். புதுக்கோட்டை மாவட்டமே கற்றுக்கொடுத்தது என்று சொன்னேன். எழுத்து கற்பிக்க வந்த அறிவொளி இயக்கம் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததையும், கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றதையும், 1990களின் தொடக்கத்தில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதையும், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கியதையும், அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதுவே பிறகு வசதியாகிப்போனதையும் சொன்னேன். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, புதுக்கோட்டை டவுனுக்குள் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனதைச் சொன்னபோது, கதை விடுகிறேன் என்று நினைத்தான். கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "உண்மைதான் மேடம்" என்றான். நமக்குச் சான்றிதழ் வழங்கிவிட்டான், வைத்துக்கொள்.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். இதற்காகத்தான் இத்தனை முன்னுரையும்.

சைக்கிளுக்குக் காற்றடிப்பதே இந்நாளில் ஒரு பிரச்சினை. பெட்ரோல் பங்கில் இலவசமாகக் காற்றடிக்கும் குழாயின் வாய் மோட்டார் வண்டிக்கானது. வால்டியூப் வைத்த நம் வண்டியின் வால்வில் அது உட்காராது. உய்யக்கொண்டான் கரையில் ஒரு பெரியவர்தான் கைப்பம்பு வைத்திருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது வானத்துக் காற்றை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பழமொழியாக மட்டுமே அறிந்திருந்தவள் நான். திருச்சியின் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பாலம் தெற்கு வடக்காக ஆற்றைக் குறுக்கே கடக்கிறது. ஆகையால் பாலத்தில் ஏறிய நொடியிலிருந்து இறங்கும் வரை காற்று விலாவில்தான் அடிக்கும். ஊருக்குள் வீடும் மரமும் தடுத்துவிடும். ஆற்றின்மேல் தடுக்க ஒன்றுமில்லை.

காலையில் தெற்கே போகும்போது காற்று வலப்புறமிருந்து அடித்து நடைபாதைப் பக்கமாகத் தள்ளும். மாலையில் திரும்பும்போது இடப்புறமிருந்து அடித்துச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். மாலைதான் ஆபத்து என்று நினைத்து மாலையில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தேன். தவறு செய்தது அங்கேதான். காலையில் காற்றைச் சமாளிக்க நாம் அறியாமலேயே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறோம். அப்போது ஒரு பஸ் வலப்புறமாக முந்திக்கொண்டு போனால், அது சுவர் போலக் காற்றை மறைத்துவிடுகிறது. சாய்ந்து தாங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று இல்லாமல் போகவும், நீ பஸ்ஸின் பக்கமாகவே சரிகிறாய். பதறி இடப்பக்கம் ஒடிக்கிறாய். அதற்குள் பஸ் கடந்துபோய்விடுகிறது. நின்ற காற்று மொத்தமாகத் திரும்பி வந்து அறைகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்த பிறகு, வீங்கிய கையை ஐஸ்கட்டியில் வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து நானே கண்டுபிடித்தேன்.

அன்று நடந்தது அப்படியே இதுதான். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி என் தோளுக்கு ஒரு முழத் தூரத்தில் போனதைப் பார்த்தேன். அடுத்த கணம் முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதி, நான் நடைபாதையின்மேல் இடது கையை ஊன்றிக் கிடந்தேன். டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் பாலமெங்கும் சிதறியது. மறுபக்கமாக விழுந்திருந்தால், சரோஜா, இந்தக் கடிதம் இல்லை. பின்னால் இன்னொரு பஸ் வந்துகொண்டிருந்தது. வேடிக்கையாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வந்ததும் முடியவில்லை.

யாரும் நிற்கவில்லை. நிற்கவும் முடியாது, அந்தப் பாலத்தில் ஒருவர் நின்றால் பின்னால் மாம்பழச் சாலை வரை நின்றுவிடும். சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் நின்றாள். பதினாறு வயது இருக்கும், ரெட்டைச் சடை. தன் வண்டியை நடைபாதையில் ஏற்றி ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் சைக்கிளை நிமிர்த்தி, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, திரும்பியிருந்த ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே முறுக்கில் நேராக்கினாள். நம் களத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே வித்தை. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. "ஆன்ட்டி, பஸ் வந்தா மிதிக்காதீங்க, விட்டுடுங்க, அது போனப்புறம் மிதிங்க" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு தினமும் அந்த நேரத்தில் ரெட்டைச் சடைகளைப் பார்த்துக்கொண்டே போகிறேன். திருச்சியில் ரெட்டைச் சடைக்குப் பஞ்சமில்லை.

அன்று மாலை வண்டியைப் பெரியவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டே, எங்கே உரசுகிறதோ அங்கே போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோட்டம் எடுத்தார். என் கையைப் பார்த்தார், பாலத்தின் திசையையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. காசு மட்டும் குறைத்து வாங்கிக்கொண்டார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். வீட்டில் இவர் கையைப் பார்த்து என்னவென்று கேட்டபோது, குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அன்றே சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்ற பயம். ஆனால் பார், அந்த மனிதர் அடுத்த ஞாயிறு முழுவதும் பிளீச்சிங் பவுடரும் தேய்க்கும் பிரஷுமாகக் குளியலறைத் தரையைத் தேய்த்தார். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். சுவரில் கைப்பிடி வைக்க ஆள் கூட்டிவந்தார். கைப்பிடி மட்டும் எண்ணூறு ரூபாய். முதுகு வலிக்கிறது என்று எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னபோது, தேய்த்துவிட்ட எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வரும்போது, "பிடித்துக்கொண்டுதானே வந்தாய்?" என்று கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். முப்பது வருடத்தில் இவரிடம் சொன்ன பெரிய பொய் இதுதான், அதுவும் எண்ணூறு ரூபாய்க்கு.

போன வாரத்திலிருந்து மறுபடியும் ஓட்டுகிறேன். ஆவணி பிறந்து காற்றும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. காற்று பலமாக இருக்கும் நாளில் பாலத்தின் முனையிலேயே இறங்கி, நடைபாதையில் உருட்டிக்கொண்டு போகிறேன். கூடுதலாகச் சில நிமிடம்தான் ஆகிறது. ஆற்றில் தண்ணீர் போவதையும், பக்கத்துப் புதுப் பாலத்தையும் பார்த்துக்கொண்டு போகலாம். அந்தப் பாலத்திலாவது சைக்கிளுக்கென்று ஒரு கஜம் விடுவார்களா என்று தினமும் அளந்து பார்க்கிறேன். 2022இல் பழைய பாலத்தைப் பழுதுபார்த்தபோது, முதலில் பெரிய வண்டிகளை நிறுத்திவிட்டு இருசக்கர வண்டிகளை மட்டும் விட்டிருந்த நாட்கள் நினைவிருக்கிறது. பாலம் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்போது என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது, அருமை தெரியவில்லை.

இவரிடம் எப்போது சொல்வது என்று நீதான் சொல்ல வேண்டும். அடுத்த ஆடிக்குள் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். ஏனென்றால் அடுத்த ஆடியிலும் அந்தப் பாலத்தில் நான் இருப்பேன். புரட்டாசியில் பெருமாள் சேவிக்க வருவதாகச் சொன்னாயே, சனிக்கிழமை கூட்டத்தில் வந்து அல்லாடாமல் வெள்ளிக்கிழமையே வந்துவிடு. அதற்குள் இவர் தொலைபேசியில் பேசினால், குளியலறை என்றே சொல். உன் தங்கை கல்யாணத்தில் உளறியது போல இதிலும் உளறிவைக்காதே. கைப்பிடியின் விலையைக் கேட்டு வியப்புக் காட்டினால் மிகவும் மகிழ்ச்சியடைவார்.

அன்புடன்,
மங்கை