தொடுதிரை முதலில் சேர வேண்டியது கீழ் வகுப்புகளுக்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

எதிர்கால வகுப்பறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், க.பொ.த. சாதாரண தர, உயர்தர மாணவர்களின் கையில் டெப் கருவி கொடுப்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. மலையகத் தோட்டப் பாடசாலைகளைப் பொறுத்தவரை, தொடுதிரை முதலில் சேர வேண்டிய இடம் தரம் 1, தரம் 2 வகுப்புகளே என்பது, ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்தவன் என்ற வகையில் எனது கருத்தாகும்.

விசைப்பலகையில் தமிழைத் தட்டச்சுச் செய்யப் பெரியவர்களே தடுமாறுகிறோம். தொடுதிரைக்கோ, ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் ‘அ’ எழுதிய அதே விரல் போதும். கொப்பியில் நாம் காண்பது எழுதி முடிந்த எழுத்தை மட்டுமே. ‘ழ’வைத் தவறான பக்கத்திலிருந்து இழுத்த பிள்ளையின் எழுத்தும் முறைப்படி எழுதிய பிள்ளையின் எழுத்தும் அங்கே ஒன்றுபோலவே இருக்கும், வேகமாக எழுத வேண்டிய வயதில்தான் குறை வெளிப்படும். திரையில் எழுதினால், கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பதிந்து வைத்துத் திரும்பக் காட்ட முடியும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க நேரும் பாடசாலையில் இது சிறிய உதவியல்ல.

இது புதுக் கற்பனையுமல்ல. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் கற்பித்தலுக்காக உருவாக்கி 1972இல் அறிமுகப்படுத்திய ‘பிளேட்டோ 4’ கணினியில், 16க்கு 16 என்ற கட்டங்களில் அகச்சிவப்புக் கதிர்கள் விரலின் இடத்தைக் கண்டறிந்தன. இன்றைய திரைகள் பல விரல்களை ஒரே நேரத்தில் அறியும். ஆகவே ஆளுக்கொரு டெப் என்பதைவிட, நாலைந்து பிள்ளைகள் சுற்றி நின்று எழுதக்கூடியவாறு தாழ்வாக வைத்த ஒரு பெரிய திரையே மேலானது. தனித்தனிக் கருவிகள், உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அலுமாரிக்குள் பூட்டப்படுவதை நான் பார்த்திருக்கிறேன் (அதிபர்மாரையும் குறை சொல்ல முடியாது).

கொப்பியையும் பென்சிலையும் கைவிடச் சொல்லவில்லை. பாடசாலைகளில் டிஜிட்டல் கருவிகளை முன்னிறுத்திய சுவீடன் அரசே 2023இல் அச்சுப் புத்தகங்களின் பக்கம் திரும்பியது.

கொள்வனவு செய்வோர் எமது காலநிலையையும் கருத்திற்கொள்ள வேண்டும். தொடுதிரைகளில் பல, விரலால் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்தே இயங்குவதால், நீர்த்துளி பட்டாலே தடுமாறக்கூடியவை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களில் ஆடி மாதத்தில் பிள்ளைகள் நனைந்த கையோடுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறியதை நாடே பார்த்தது. எனவே பாடங்கள் இணையமின்றி, தமிழில், கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். கொழும்புக்கு அனுப்பாமல் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பழுதுபார்க்கும் ஏற்பாடு கொள்வனவுக்கான கேள்விப்பத்திரத்திலேயே (டெண்டரிலேயே) எழுதப்பட வேண்டும். அந்த நிபந்தனையை ஏற்காதவர்களிடம் எமது பாடசாலைகளுக்கென எதையும் வாங்க வேண்டாம் என்று கல்வி அமைச்சையும் மாகாணக் கல்வித் திணைக்களங்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியர்,
மஸ்கெலியா.