திட்டியவர்களுக்கும், பார்க்க வராமல் இருந்தவர்களுக்கும்

சோமனூரிலிருந்து எழுதுகிறேன். பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் போனில் பேசினால் மூச்சு வாங்குகிறது, வீட்டுக்காரி போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள், அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து இந்த நன்றி மடல். டாக்டர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், இது மற்றவர்களுக்கு.

முதலில் நான் வேலை செய்யும் விசைத்தறிக் குடோன் பையன்களுக்கு. ரத்தம் வேண்டும் என்றதும் ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு பஞ்சுத் தலையோடு கிளம்பி வந்துவிட்டார்கள். தூங்காமல் வந்தவனிடம் எடுக்கமாட்டோம் என்று பிளட் பேங்க்கில் சொல்லிவிட்டார்கள், இன்னொருவனுக்கு ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூங்காதவன் நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள் வந்து கொடுத்துவிட்டுப் போனான். முடியாமல் போனவன் தன் பங்காளியைக் கூட்டி வந்தான். இதற்கெல்லாம் என்ன சொல்வது?

அப்புறம் என் அக்கா மகன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் வருட வருமானம் 1,20,000-க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் போய் நின்று பதிவு செய்ய நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அவன் நான் நல்லா இருக்கும்போதே "மாமா, வாங்க போலாம்" என்று திட்டித் திட்டி இழுத்துப் போனான். இன்னும் பதியாதவர்கள் நெஞ்சு வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

ஐ.சி.யூ.வில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. நாக்கு வறண்டு கிடக்கிறது, கேட்கவும் வழியில்லை. ஒரு நர்ஸ் பொண்ணு என் கண்ணைப் பார்த்தே, "தண்ணிங்களாய்யா? இப்பக் கொடுக்கக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றி எடுத்தாள். பேர் கேட்டுக்கொள்ள முடியவில்லை. நல்லா இரு சாமி.

பிசியோ மேடத்தை அங்கே இருந்தவரை எனக்குப் பிடிக்கவேயில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று உருண்டை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார். இழுக்கும் வேகத்தைக் காட்ட 600, 900, 1200 என்று போட்டிருக்கும். முதல் உருண்டை கூட எழும்பாமல் நான் விழிக்க, "வலிக்குதுன்னு இழுக்காம விட்டா சளி உள்ளயே தங்கிரும், நிமோனியா வந்துரும், இழுங்கண்ணா" என்று விடமாட்டார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும், எழும்போது கையை ஊன்றாமல் ஒருக்களித்து எழ வேண்டும் என்று பழக்கிவிட்டதும் அவர்தான். அறுத்த நெஞ்செலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், நன்றாகக் கூட மூன்று மாதம் ஆகும், அதுவரை கனம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது. எக்செல் வண்டிச் சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் நன்றி, வேறு வழி?

வார்டுக்கு மாற்றியபோது தூக்கமே வரவில்லை. வருசக்கணக்கில் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை.

நம் பக்கம் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்க்காவிட்டால் வருசம் பூராவும் பேச்சாகிவிடும். அதையும் மீறி, "இப்ப வந்தா கிருமி தொத்திக்கும், மாமா எழுந்து நடக்கட்டும், அப்புறம் வர்றோம்" என்று போனில் மட்டும் விசாரித்துவிட்டு இருந்துகொண்ட சொந்தக்காரர்களுக்குத் தனி நன்றி. அவர்களைக் குறை சொன்னவர்கள் இதைப் படிக்கட்டும். அதே சமயம், ஆஸ்பத்திரிக்கு வராமல் நேராக என் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீனித் தட்டு போட்டு, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிய பக்கத்துத் தோட்டத்து அண்ணன் செய்த உதவி எத்தனை ஹார்லிக்சுக்கும் ஈடாகாது.

சாப்பாட்டு மேடம் அரிசிம்பருப்புச் சோற்றை விடச் சொல்லவில்லை, மேலே ஊற்றும் நெய்யைத்தான் விடச் சொன்னார். அவருக்கும் கும்பிடு.

முதலாளி இப்போதைக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தூக்க வேண்டாம், வந்து கணக்கு மட்டும் பார் என்றிருக்கிறார். டாக்டர் சரி என்றதும் வருகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த தாராபுரத்துப் பெரியவரின் மகள் கவனத்துக்கு: சுடுதண்ணிக்கு நீங்கள் கொடுத்த பச்சை பிளாஸ்க் எங்கள் பையோடு வந்துவிட்டது. அப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டி வரும் நாளைச் சொல்லுங்கள், பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.