வெயிலை நம்பிக் கிளம்பப் போகிற தம்பிக்கு

தம்பி,

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். அரைக்கால் சட்டை, கையில் ஐஸ்கிரீம், பின்னால் மலை. "குளிர்காலம் முடிஞ்சாச்சுண்ணா, சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை ஸ்கீ போயிட்டு வந்துடறோம்" என்று கீழே எழுதியிருந்தாய். டெக்சாஸிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் டென்வரில் அதிகமாகப் பனி கொட்டுகிற மாதம் ஜனவரி இல்லை, மார்ச்.

இந்த வாரக் கடைசியில் ஒரு பனிப்புயல் வருகிறது, அதன் காற்றழுத்தத் தாழ்வு நம் கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் போய் உட்காரும் என்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் அதைச் சுற்றுகிற காற்று மெக்சிகோ வளைகுடா ஈரத்தை வாரிக்கொண்டு கிழக்கிலிருந்து வந்து ராக்கி மலையில் முட்டும், முட்டினால் மேலே ஏறித்தான் ஆகவேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவை நனைத்துவிட்டு கோயம்புத்தூருக்கு வெறும் காற்றை அனுப்புகிற அதே கதைதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. நீ ரூம் போட்டிருக்கிற ஸ்கீ ஊர் மலைக்கு மேற்கே. இந்தப் புயலுக்கு அதுதான் கோயம்புத்தூர்! பனியைத் தேடிப் போய், அது அதிகமாகக் கொட்டுகிற பக்கத்தில் நடுரோட்டில் மாட்டிக்கொள்வாய்.

2003 மார்ச்சிலும் இதே மாதிரிதான். டென்வரில் 31.8 அங்குலம், மலையடிவாரத்தில் ஏழு அடி வரைக்கும். விமான நிலையத்தின் அந்த வெள்ளைக் கூடாரக் கூரை இருக்கிறதே, அதுவே கிழிந்தது. எங்கள் அபார்ட்மெண்டில் கார் கொட்டகை நடுராத்திரி சரிந்தது, நான் இடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஜனவரிப் பனி பஞ்சு, விளக்குமாற்றால் தள்ளிவிடலாம். மார்ச் பனி ஈர மண். கல்லில் எழுதினாற்போல் பதிந்திருக்கிறது எனக்கு, காரைத் தேடித் தோண்டிய அந்தக் காலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2021 மார்ச்சில் புயல் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை முழுக்க வானிலைக்காரர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம், நானும்தான். அப்புறம் வந்தது, மொத்தம் 27.1 அங்குலம். அதனால் சனிக்கிழமை காலையில் வெறும் தூறலைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லண்ணா" என்று வண்டியை எடுக்காதே.

வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது, உன் டயரைப் பார்த்தேன், வழுக்கைத் தலை. நீ ஸ்கீ ஊருக்குப் போகிற ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பாதையில் செப்டம்பரிலிருந்து மே கடைசி வரை டயர் விதி உண்டு, பள்ளம் ஒரு அங்குலத்தில் 16-ல் 3 பங்காவது இருக்கவேண்டும். அபராதம் போகட்டும். அந்தப் பாதையில் வருகிற ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அந்த ஏற்றத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் ராத்திரி அங்கேதான்.

சரி, வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று கேட்பாய். கரண்ட் போகும், கிளைகள் கம்பி மேல் விழும், உன் அடுப்பும் கரண்டில்தான் ஓடுகிறது. வெள்ளிக்கிழமையே சோறு, புளிக்குழம்பு செய்து வைத்துவிடு. வாசல் பனியை மொத்தமாக அள்ளலாம் என்று காத்திருக்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக அள்ளு. இதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர்கள் உண்டு. காரை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிடு. பின்னால் இருக்கிற அந்தச் சின்ன ஆப்பிள் மரத்தை நீள விளக்குமாற்றால் கீழிருந்து மெதுவாகத் தட்டிக்கொடு, இல்லையென்றால் பிளந்துவிடும்.

ரூமை இன்றைக்கே கேன்சல் பண்ணு. கடைக்குப் போனால் ஷவல் இரண்டாக வாங்கு, என்னுடையது போன மாதமே கைப்பிடி உடைந்துவிட்டது.

அண்ணன்