மொரெய்ன் ஏரிக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் மொரெய்ன் ஏரியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் சொந்தக் காரில் போக விடாமல் பேருந்தில் ஏற்றுகிறார்களே என்று கட்டுரையாளர் அலுத்துக்கொண்டதும், அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம் என்று எழுதியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அங்கே நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, கார்களுக்குத் தடை வராத காலம். பொழுது விடிவதற்குள்ளேயே வாகன நிறுத்தம் நிரம்பிவிடும் என்று தெரியாமல், சாவகாசமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினோம். ஏரிக்குப் பிரியும் சாலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தனை தூரம் போயும் ஏரியின் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடப் பார்க்கவில்லை. 2023 முதல் தனியார் கார்கள் அந்தச் சாலையில் போக முடியாது. அதற்குப் பிறகுதான் நான் ஏரியையே பார்த்தேன். தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா ஏரிக்குப் போகவர விடும் ஷட்டில் பேருந்துக்கு முன்பதிவு செய்வது கொஞ்சம் தொல்லைதான். இருக்கைகளில் ஒரு பகுதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள்; சட்டென்று தீர்ந்துவிடும். ஆனால் போகும் நேரத்தைத்தான் பதிவு செய்கிறோம். திரும்புவதற்கு வரிசையில் நின்று எந்த வண்டியில் வேண்டுமானாலும் ஏறலாம். அதனால் அந்த அரை மணி நேரக் கணக்கைப் பேருந்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இன்னொரு திருத்தம். வானத்தின் பிரதிபலிப்பால்தான் ஏரிக்கு அந்த நீலம் என்று கட்டுரையில் இருந்தது. அப்படியானால் பக்கத்து ஊர்க் குட்டையும் அதே நிறத்தில் இருக்க வேண்டுமே! மேலே இருக்கும் பனியாறு பாறையை உரசி உரசி மாவாக அரைக்கிறது. அந்த மாவு உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் மிதக்கிறது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிட, நீலத்தையும் பச்சையையும் மாவுத் துகள்கள் சிதறடிக்கின்றன. ஜூன் தொடக்கத்தில் போனால் பாதி ஏரி உறைந்தும் மீதி வற்றியும் கிடக்கலாம். ஜூன் கடைசிக்கு மேல்தான் ஏரி நிறைந்து நிறம் கூடும். அக்டோபர் நடுவில் சாலையை மூடிவிடுவார்கள்.

எல்லோரும் எடுக்கும் அந்தப் படம், 'ராக்பைல்' என்கிற கற்குவியலின் மேலிருந்து எடுப்பது. ஏறச் சில நிமிடங்கள் போதும். 1969, 1979 வரிசைகளின் கனடிய 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததும் இந்த ஏரிதான். பனியாறு தள்ளிவந்து குவித்த கற்களுக்கு 'மொரெய்ன்' என்று பெயர். 1899இல் மலைப்பயணி வால்டர் வில்காக்ஸ் அந்தக் குவியலை அப்படி நினைத்துத்தான் ஏரிக்கு அந்தப் பெயரை வைத்தார். அது மலைச்சரிவில் விழுந்த பாறைகளாக இருக்கலாம் என்கிறார்கள் பிற்காலத்துப் புவியியலாளர்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கட்டுரையாளர் தவறவிட்டது லார்ச் பள்ளத்தாக்கு நடையை. படகுத் துறையைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் நுழைந்து, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறத் தொடங்குகிறது. மூச்சு வாங்கும். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் சமயத்தில் குறைந்தது நான்கு பேர் சேர்ந்துதான் போக வேண்டும் என்று கட்டாயமாக்குவார்கள். நாங்கள் இரண்டே பேர். பாதை முனையில் எங்களைப் போலவே ஆள் தேடி நின்ற ஒரு தம்பதியைச் சேர்த்துக்கொண்டோம். கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருக்க, சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. லார்ச், ஊசியிலை மரம்தான். ஆனால் குளிர்காலத்துக்கு முன் இலையை உதிர்த்துவிடும். உதிர்வதற்கு முன் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் நிற்கிறது. மரங்கள் விலகியதும், ஏரிக்கு மேலே நிற்கும் பத்துச் சிகரங்களும் எதிரே வரிசையாகத் தெரிந்தன. மலையேறியான சாமுவேல் ஆலன் அவற்றுக்கு, அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான ஸ்டோனி மக்களின் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்களையே பெயராக வைத்தார். பிறகு பலவற்றுக்கு மனிதர்களின் பெயர்களைச் சூட்டிவிட்டார்கள். டோன்சா, நெப்டுவாக், வென்க்செம்னா ஆகிய மூன்று மட்டும் தப்பின. நான்கு, ஒன்பது, பத்து என்று பொருள். நான் எண்ணியபோது ஒன்பதுதான் வந்தது. என் கணவர் பதினொன்று என்றார். கூட வந்தவர்கள் அந்த வம்புக்கே வரவில்லை.

இன்னும் மேலே, 2,611 மீட்டரில் சென்டினல் கணவாய் இருக்கிறது. அதுவரை ஏற முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கி வந்து பேருந்து வரிசையில் நெடுநேரம் நின்றோம். கார் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று என் கணவர் அப்போது ஒரு முறை சொன்னார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி