தூக்குவதற்கு முன்னால் நடக்கும் வேலை

ஆசிரியருக்கு,

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் இணைவு உலை தாமதமாகிறது என்று பலரும் கேலி செய்கிறார்கள். அனல் மின் நிலையக் கட்டுமானங்களில் முப்பது வருடம் ரிக்கிங் வேலை, அதாவது கனமான பாகங்களைத் தூக்கி இடத்தில் வைக்கும் வேலை, பார்த்த எனக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதன் கிரையோஸ்டாட், அதாவது உலையைச் சுற்றி மூடிக் குளிர்ச்சியைக் காக்கும் பெரிய உறை, குஜராத்தின் ஹசீராவில் 54 துண்டுகளாகத் தயாராகி, கப்பலில் பிரான்ஸுக்குப் போய், அங்கே ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது. 1,250 டன் எடையுள்ள அடிப்பாகத்தை 2020 மே மாதம் உலை அமையும் குழிக்குள் இறக்கினார்கள். 2022-இல் இறக்கிய, இணைவு நடக்கவேண்டிய வெற்றிடக் கலத்தின் முதல் பகுதியை மட்டும் பழுது பார்க்க அடுத்த வருடமே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. விளிம்புகளின் அளவு சரியில்லை, வெப்பக் கவசக் குழாய்களில் விரிசல் வேறு.

ஒருமுறை எங்கள் சைட்டில் பாய்லர் டிரம்மைத் தூக்கக் கிரேன், ஆட்கள் எல்லாம் தயார். காலையில் டேப் பிடித்தால் தாங்கியின் போல்ட் துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. கிரேன் இரண்டு நாள் சும்மா நின்றது. வாடகை மட்டும் ஓடியது. பல நாடுகளில் செய்த பாகங்கள் ஒரே குழியில் சேரும்போது இதெல்லாம் வரத்தான் செய்யும். எத்தனை டன் தூக்கினார்கள் என்று எழுதுகிறீர்கள், சரி. தூக்கும் முன் யார் அளந்தார், யார் கையெழுத்திட்டார் என்பதையும் எழுதுங்களேன்.

ஓய்வுபெற்ற ரிக்கிங் ஃபோர்மேன்,
திருச்சி